சாடிக்குள் மீன்முள்

தென்கொரியாவின் கியோங்ஜு, பழைய சில்லா அரசின் தலைநகர். ஊர் நடுவிலேயே புல் மூடிய குன்றுகள் போல அரச கல்லறைகள். அதில் ஒன்று சியோபோங்சோங், கி.பி. 500-ஐ ஒட்டியது. இரண்டு நாளாக அதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன்.

1926, ஜப்பானியர் ஆட்சிக் காலம். கல்லறையைத் தோண்டும்போது சுவீடன் பட்டத்து இளவரசரும் கூட இருந்தார். பெயரிலேயே அது பதிந்திருக்கிறது: 'சியோ' சுவீடனுக்கு, 'போங்' கிரீடத்தின் உச்சியிலிருந்த பறவைக்கு. பொற்கிரீடத்தை எடுத்தார்கள். அகழாய்வு அறிக்கை எழுதவில்லை. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கொரிய தேசிய அருங்காட்சியகம் 2016, 2017-இல் அதே இடத்தை மறுபடி தோண்டியது. மேட்டின் அடியில் வளையமாக அடுக்கிய கற்களின் ஓரத்தில் பெரிய பெரிய சாடிகள். உள்ளே பொன் இல்லை. பெரும்பாலும் மீன்முள்ளும் சிப்பி ஓடும்தான். எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய 7,700. அதில் 5,700 மீன்.

சாடிகளுக்குள் வைத்த சடங்குப் படையலில் இருந்தவற்றுள் சில: பேத்தை மீன், ஓங்கில், கடல் முள்ளெலி, ஆமை.

பேத்தையின் ஈரலிலும் சினையிலும் நஞ்சு. அதைப் படையலில் வைத்தார்கள் என்றால், பக்குவமாக அறுத்துக் கழிக்கத் தெரிந்த கை ஒன்று அந்தச் சமையற்கட்டில் இருந்திருக்க வேண்டும். அரசர் பெயரை ஏடுகள் சொல்லும். அந்தக் கையைப் பற்றி இந்த முள்ளைத் தவிர வேறு சாட்சி இல்லை.

கியோங்ஜுவிலிருந்து கடல் டோஹாம் மலைக்கு அப்பால். ஓங்கிலை எப்படித்தான் கொண்டு வந்தார்களோ!

சிப்பிகள் பிடிபட்ட பருவத்தை வைத்து, படையல் நடந்தது இலையுதிர்காலத்தில் என்று கணித்திருக்கிறார்கள். ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு சடங்கின் மாதத்தைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடுகிறது வெறும் ஓடு. கிரீடத்தால் இது முடியுமா?

அதே கியோங்ஜுவில், சில்லா அரசர்களின் வோல்சோங் அரண்மனை எழுவதற்கு முன்பு அங்கே இருந்த 3-ஆம் நூற்றாண்டுக் குடியிருப்பில், பலியிட்ட நாயின் எலும்புகள். உடல் நீளம் 60 செ.மீ. அளவு. நம் தெருநாயைவிடச் சிறியது. படத்தை நெடுநேரம் பார்க்க முடியவில்லை.

அதே ஊரின் இன்னொரு சில்லா கல்லறையான ஹ்வாங்னாம் பெருங்கல்லறையில் (அகழ்ந்தது 1973–75) குதிரைச் சேணத்தில் பொன்வண்டின் இறக்கைகளைப் பதித்திருந்தார்கள். நாம் சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் அடைத்து வைத்தோமே, அந்தக் குடும்பத்து வண்டுதான். பச்சை மினுமினுப்பு இன்னும் போகவில்லை. ஆனால் காய்ந்தால் இறக்கை நொறுங்கும், வெளிச்சம் பட்டால் நிறம் போகும். அதனால் அந்தச் சேணத்தைக் கிளிசரினில் ஊறவைத்து, இருட்டறையில் பாதுகாக்கிறார்கள். காட்சிக்கு வைப்பது அதன் நகலைத்தான்.