எண்ணிக்கையும் சீடத்துவமும்

நடுவணரசு அலுவலகம் ஒன்றில் இருபதாண்டுகளாகப் புள்ளிவிவரப் படிவங்களை நிரப்பிவரும் எமக்கு எண்களின்மீது மதிப்பும் உண்டு; ஐயமும் உண்டு. சென்ற மாதத்தினும் இம்மாதம் கூடுதல் என்று காட்டினால் மேலதிகாரியின் முகம் மலரும். கூடியது எது என்று எவரும் கேட்பதில்லை.

இந்நினைவு எமக்கு ஞாயிறுதோறும் எழுகின்றது. தலைநகரில் எங்கள் தமிழ் ஆராதனைக்கு அறுபது பேர் வந்தால் அதுவே பெருங்கூட்டம். கல்லூரியில் பயிலும் எம் மகனோ, சில மாதங்களாக, வண்ண விளக்கும் இசைக்குழுவும் பெருந்திரையும் உள்ள அரங்கச் சபை ஒன்றுக்குச் செல்கிறான். "அங்கே ஆயிரக்கணக்கில் வருகிறார்களே, அப்பா!" என்பது அவன் வாதம். அதற்கு விடை தேடப் புகுந்தபோது எம் கண்ணிற்பட்டது அமெரிக்க நாட்டு வில்லோ கிரீக் சபையின் வரலாறு.

1975-இல், சிக்காகோ நகரை அடுத்த பாலடைன் என்னும் ஊரில், வாடகைத் திரையரங்கு ஒன்றில் பில் ஹைபல்ஸ் என்னும் இளைஞரும் நண்பர்களும் அச்சபையைத் தொடங்கினர். முன்னதாக வீடு வீடாகச் சென்று, கோயிலுக்கு ஏன் வருவதில்லை என்று மக்களைக் கேட்டறிந்தனர். மக்கள் வெறுத்தவை விலக்கப்பட்டன, நாடகமும் புதிய இசையும் புகுந்தன, கூட்டம் பெருகிற்று. 2004-இல் 7,000-க்கும் மேற்பட்ட இருக்கைகளுடன் அரங்கம் எழுந்தது. பல நாட்டுப் போதகர்களும் அவர்களிடம் பாடம் கேட்டனர்.

வியப்பு இனித்தான். அச்சபையார் தம் மக்களிடையே தாமே ஆய்வு நடத்தி, 2007-இல் அதனை நூலாக வெளியிட்டனர். நிகழ்ச்சிகளில் மிகுதியாகப் பங்கேற்பதனால் மட்டும் ஒருவர் இறையன்பிலும் பிறரன்பிலும் வளர்ந்துவிடுவதில்லை என்பதே அவர்கள் கண்டது. தாம் தவறிவிட்டதாகவும், மக்கள் தாமே வேதம் ஓதி வளரக் கற்பித்திருக்க வேண்டும் என்றும் ஹைபல்ஸ் ஒப்புக்கொண்டார். தன் ஏறுமுகக் கணக்கின் குறையைத் தானே அச்சிட்டு வெளியிட்ட அலுவலகம் ஒன்றை யாம் இதுகாறும் கண்டதில்லை!

லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் திரளான மக்கள் இயேசுவைப் பின்தொடர்கின்றனர். அவர் மகிழ்ந்ததாகக் காணோம். திரும்பி நின்று, சிலுவை சுமவாதவன் தமக்குச் சீடனாக இயலாது என்கிறார். கோபுரம் கட்ட நினைப்பவன் முன்னரே அமர்ந்து செலவை எண்ணிப் பார்க்க வேண்டாவா என்று வினவுகிறார். அவரும் கணக்குக் கேட்டவரே; ஆனால், செலவுக் கணக்கு.

அச்செலவை முழுதும் கொடுத்தவர் ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோபர். காந்தியடிகளிடம் தங்கிப் பயில விரும்பி, 1934-இல் அழைப்பும் பெற்றவர், எனினும் வரவில்லை. நாஜிகளுக்கு இணங்காத சபைக்காகப் பின்கன்வால்டே என்னுமிடத்தில் சிறியதொரு குருமடத்தை நடத்தினார். அதனை இரகசியப் போலீசார் மூடிய 1937-ஆம் ஆண்டிலேயே சீடத்துவம் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார்.

இவற்றையெல்லாம் மகனிடம் கூறினோம். சற்றுநேரம் பேசாதிருந்தவன், "நம் அறுபது பேரில் அப்படி எத்தனை பேர், அப்பா?" என்று கேட்டான். எமக்கு விடை எழவில்லை. சென்ற குளிர்காலத்தில் எங்கள் ஆராதனைக்கு வரும் முதியவர் ஒருவர் மருத்துவமனையில் கிடந்தபோது, இரவெல்லாம் உடனிருந்தவர்கள் அவனுடைய அரங்கச் சபை நண்பர்கள் இருவர். யாம் ஒருமுறை ஆப்பிள் பழங்களோடு சென்று, பேருந்துக்கு நேரமாயிற்று என்று திரும்பினோம். அதனை அவன் சொல்லிக்காட்டவில்லை.

வரும் ஞாயிறு காலை அவனுடன் அவ்வரங்கத்திற்குச் செல்ல இசைந்திருக்கிறோம். மாலையில் அவன் எங்களோடு வருவான்.