கடப்பா, அசோகா, இறால் வாடா... டெல்டாவில் எங்கே சாப்பிடலாம்?

விதைநெல் வாங்க ஆடுதுறை, கடன் விஷயமாகத் தஞ்சாவூர், பிள்ளையின் கல்லூரிக்காகக் கும்பகோணம் என்று டெல்டா விவசாயி டவுனுக்குப் போகவேண்டிய நாள்கள் வருடத்தில் நிறையவே வரும். விடியற்காலையில் பழையதைக் குடித்துவிட்டு பஸ் ஏறினால், பத்து மணிக்கெல்லாம் வயிறு கேட்க ஆரம்பித்துவிடும். கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வேலையாக வந்து, அடுத்த பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய விவசாயக் குடும்பத்துக்கு எந்த ஊரில் எதைச் சாப்பிட்டால் காசுக்குத் தகும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

காலைப் பலகாரத்துக்குக் கும்பகோணம்தான். இங்கே கேட்டு வாங்கவேண்டியது கடப்பா. பெயரைக் கேட்டதும் தரையில் பதிக்கும் கல்தான் நினைவுக்கு வரும். இது இட்லி, தோசைக்குத் தொட்டுக்கொள்வது. வேகவைத்த பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, அதில் தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பச்சை மிளகாய் அரைத்து ஊற்றிக் கொதிக்க விடுவார்கள். சாம்பார் மாதிரி நிறம் இருக்காது, வெளிறித்தான் இருக்கும். ஆனால், நாலு இட்லியோடு நிறுத்த மனம் வராது. எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கிடைக்காது என்பதால் இலை போடும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. கும்பேஸ்வரர் கோயில் பக்கம் மங்களாம்பிகா, காந்தி பூங்கா பக்கம் வெங்கட்ரமணா இரண்டும் பழைய பெயர்கள். முகூர்த்த நாளில் போனால் கூட்டத்தில் நிற்கவேண்டியிருக்கும்.

டிகிரி காபியைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் கலக்காத பசும்பால், பித்தளை டவரா, அப்போது இறக்கிய டிகாக்‌ஷன் - இந்த மூன்றும் இருந்தால்தான் அது. பாலைப் பரிசோதிக்கும் லாக்டோமீட்டர் காட்டும் 'டிகிரி'யிலிருந்துதான் பெயர் வந்தது என்பது பலர் சொல்லும் விளக்கம். இன்றைக்கு நெடுஞ்சாலை முழுக்க 'கும்பகோணம் டிகிரி காபி' என்று போர்டு தொங்குகிறது. கடைக்கு வெளியே பித்தளைச் சொம்புகளை வரிசையாக அடுக்கிவைத்தால் மட்டும் பால் கெட்டியாகிவிடாது.

கும்பகோணத்திலிருந்து கிழக்கே மயிலாடுதுறை சாலையில் ஆடுதுறை. 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான். சாப்பாட்டுக்குப் பெயர்போன ஊர் இல்லை. டீயும் வடையும் கிடைக்கும், அது போதும். ஆனால், அந்த வடையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

கடப்பாவுக்குப் பாசிப்பருப்பு, வடைக்கு உளுந்து, திருவையாறு அசோகாவுக்கு மறுபடியும் பாசிப்பருப்பு. நெல்லுக்குப் பெயர்போன பூமியின் பலகாரம் பூராவும் பருப்பில் நிற்கிறதே, எப்படி? சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளிப்பது டெல்டாவின் வழக்கம். உழவு இல்லை, தண்ணீர் பாய்ச்சுவதும் இல்லை. வயலில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் தைப் பனியிலும் வளர்ந்து, 70-75 நாளில் கைக்கு வந்துவிடும். ஏ.டி.டி-3 உளுந்து இதற்காகவே ஆடுதுறையிலிருந்து வந்த ரகம். வீட்டுக்குப் போக மிச்சம் கடைக்குப் போகும். அந்தப் பருப்புதான் ஓட்டல் அடுப்படிக்கும் போனது.

கை அறுவடை போய் இயந்திரம் வந்ததும் கணக்கு மாறியது. முளைத்து ரெண்டு இலை விட்டிருக்கும் செடியின் மேல் வண்டி ஏறி இறங்கினால், தடம் போன இடமெல்லாம் சொட்டையாகிவிடும். தெளித்த விதைக்கே முதல் வராது என்று பலர் தெளிப்பதை விட்டுவிட்டார்கள். சிலர் அறுவடைக்குப் பிறகு பருத்திக்குப் போய்விட்டார்கள். இன்னொரு பக்கம், மியான்மரிலிருந்து கப்பலில் உளுந்து இந்தியாவுக்கு வந்துகொண்டிருக்கிறது. இலையில் விழும் வடை எந்த ஊர் உளுந்து என்று மாஸ்டரைக் கேட்டால், அவருக்கே தெரியாது.

ஓட்டல்காரர்கள் உள்ளூர் உளுந்தை வேண்டாம் என்று சொல்வதில்லை. அவர்களுக்கு வேண்டியது தோல் நீக்கிய முழு வெள்ளை உளுந்து. விவசாயியிடம் இருப்பதோ மண்ணும் தூசியுமாகக் கறுப்பு உளுந்து. நடுவில் ஒரு சின்ன மில்லும், வருடம் முழுக்கத் தட்டாமல் கொடுக்கும் ஏற்பாடும் வேண்டும். தனி ஆளால் முடியாது. பத்து, இருபது பேர் சேர்ந்தாலோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் கையில் எடுத்தாலோ முடியக்கூடிய காரியம்தான்.

தஞ்சாவூருக்கு வடக்கே திருவையாறு. அசோகா அல்வா என்றால் இங்கே ஆண்டவர் கடைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, கொஞ்சம் கோதுமை மாவு, சர்க்கரை, நெய் விட்டுக் கிளறுவது. சூடாக வாங்கி நின்றபடியே சாப்பிடவேண்டும். பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் நெய் உறைந்து பாதி ருசி போய்விடும். கூடவே ஒரு பிடி மிக்சர் கேட்டு வாங்கினால் தித்திப்பு திகட்டாது.

திருவையாறைச் சுற்றிக் காவிரிப் படுகையில் வாழை. டெல்டா ஓட்டல்களின் இலைக்கட்டில் இந்தப் பக்கத்து இலைக்கு எப்போதும் பங்குண்டு. முகூர்த்த மாதங்களில் விலை ஏறும், ஆடியிலும் மார்கழியிலும் படுத்துவிடும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில், சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் ஒன்று. அப்படியும் சில கடைகளில் தட்டின் மேல் அந்தத் தாள்தான் வருகிறது. "இலை இல்லையா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வாழை போட்டவர் கேட்காமல் வேறு யார் கேட்பது?

மதியச் சாப்பாட்டுக்கு ரெண்டு மணிக்குள் உட்கார்ந்துவிடுவது நல்லது. அதற்குமேல் ரசம்தான் மிஞ்சும். பாரம்பர்ய அரிசிச் சோறு ஓட்டலில் அபூர்வம். அதற்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் திருவிழாதான். 2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமன் வளர்த்த விழா இது. இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பி வாங்கும் முறையில்தான் மாப்பிள்ளைச் சம்பா போன்ற ரகங்கள் பல வயல்களுக்குப் போய்ச்சேர்ந்தன.

கடல் பக்கம் போனால் சமையலே வேறு. திருவாரூர்-மன்னார்குடி சாலையில் கூத்தாநல்லூரில் 'தம்ரூட்' கேளுங்கள். ரவை, முட்டை, நெய், சர்க்கரை போட்ட கேக் மாதிரியான இனிப்பு. குழந்தைகளுக்கு வாங்கிப்போகத் தோதானது, இரண்டு மூன்று நாள் தாங்கும். நாகூரில் சாயங்காலம் அரிசி மாவு வாடா போடுவார்கள். உள்ளே வெங்காயம், மேலே ஒரு முழு இறால் பதித்து எண்ணெயில் பொரித்து எடுப்பது. வெயில் தாழ்ந்த பிறகுதான் சட்டி காயும். நாகப்பட்டினத்தில் வேலையை முடித்துக்கொண்டு ஐந்து மணிக்கு மேல் போனால் சரியாக இருக்கும்.