போனதைத் திருப்பிக் கொடுங்கள்

ஹோண்டா சிட்டி 1998-ல் இந்தியாவுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அதே உடம்புக்குள் 1.5 லிட்டர் விடெக் எஞ்சினை வைத்து விற்றார்கள். 106 குதிரைத்திறன், காரின் எடை ஒரு டன்னை ஒட்டி. அன்றைக்கு நம் சாலைகளில் எங்கு பார்த்தாலும் மாருதி 800 ஓடிக்கொண்டிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த எண்ணின் கனம் புரியும். 2003-ல் அடுத்த சிட்டி வந்தது. அதே 1.5 லிட்டர்தான், ஆனால் 77 குதிரைத்திறன். மைலேஜ் கூடியது, இடம் கூடியது, விற்பனையும் கூடியது. வேகப் பிரியர்கள் மட்டும் பழைய காரையே தேடிக்கொண்டிருந்தார்கள். இன்றும் தேடுகிறார்கள். கோவையில் என் பட்டறைக்கு வரும் பழைய கார்களில் என் மனசுக்கு மிக நெருக்கமானது அதுதான்.

அந்தக் காலத்து வேறு கார்களும் உண்டு. மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஐகான் 1.6, திருவள்ளூரில் செய்த மிட்சுபிஷி லான்சர், ஃபியட் பாலியோ 1.6, சுசூகி பலேனோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. ஒவ்வொன்றும் அந்த அன்புக்குத் தகுதியானது. நான் சொல்லப்போவது அவற்றுக்கும் பொருந்தும். பழைய வேகக் காரை வாங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இதுல இன்னும் என்ன போடலாம்ணா?" என்றுதான். கோல்ட் ஏர் இன்டேக், பெரிய சைலன்சர், சிப், தாழ்த்திய ஸ்பிரிங். என் பதில் எப்போதும் ஒன்று. எதையும் சேர்க்க வேண்டாம். இருபது வருஷத்தில் அந்தக் கார் எதையெல்லாம் இழந்திருக்கிறதோ, அதை முதலில் திருப்பிக் கொடுங்கள். அதற்குப் பிறகும் போதாது என்று தோன்றினால் வாருங்கள், பேசுவோம். அப்படித் திரும்பி வந்தவர்கள் மிகக் குறைவு.

இழந்தது என்ன என்பதை ஒரு சின்னப் பொருளை வைத்துச் சொல்கிறேன். நம் ஊரில் கார் ஒருமுறை சூடேறி நின்றுவிட்டால் உடனே ஒரு வைத்தியம் நடக்கும். "இந்த வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்குங்க?" என்று அதைக் கழற்றித் தூரப் போட்டுவிடுவார்கள். ரேடியேட்டருக்கு எந்நேரமும் தண்ணீர் ஓடும், முள் ஏறாது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் எஞ்சின் ஒருபோதும் முழுதாகச் சூடாகாது. கூலன்ட் சூடாகவில்லை என்றால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ., எஞ்சின் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது என்று நம்பி அதிகப் பெட்ரோல் ஊற்றும். அதைவிட முக்கியம், சுழற்சி ஏறும்போது வால்வுகளை அதிகமாகத் திறக்கும் விடெக்கை, போதிய சூடு வராமல் வேலை செய்யவே விடாது. கோத்தகிரிப் பக்கம் மார்கழிக் குளிரில் ஓட்டிவிட்டு, "வண்டியில விடெக்கே செத்துப்போச்சுங்க" என்று வருவார்கள். எஞ்சினைப் பிரிக்க வேண்டுமோ என்ற பயத்தோடு வருவார்கள். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும்.

புதிதாக ஒன்றை வாங்கினாலும் நேரே மாட்டிவிட மாட்டேன். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மாமீட்டரோடு அதைத் தொங்கவிட்டு அடுப்பை ஏற்றிப் பார்ப்பேன். 78 டிகிரி வாக்கில் மெல்ல வாய் திறக்க வேண்டும். 90-ஐ எட்டும்போது முழுதாக விரிந்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் மெழுகு உருகிப் பெருகுவதால் நடக்கும் வேலை அது. ஆற விட்டால் தானாக மூடிக்கொள்ளும். பட்டறையில் பழகும் பையன்களுக்கு முதலில் நான் காட்டுவது இதைத்தான்.

விடெக் வேலை செய்யும் விதமும் அதே அழகு கொண்டது. இந்த எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு இன்டேக் வால்வுகள். அவற்றின் மேல் மூன்று ராக்கர் ஆர்ம்கள். மெதுவாகப் போகும்போது ஓரத்து இரண்டும் அடக்கமான கேம் மேட்டில் ஏறி இறங்கும். நடுவில் உள்ளது உயரமான மேட்டில் ஏறி இறங்கினாலும் எந்த வால்வையும் தொடாது. சுழற்சி ஏறியதும் ஆயில் அழுத்தம் ஒரு பின்னைத் தள்ளி மூன்றையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அந்த நொடியிலிருந்து வால்வுகள் உயரமான மேட்டின் கணக்குப்படி அதிகமாகவும் நீண்ட நேரமும் திறக்கும். சத்தம் மாறும். வால்பாறை ஏறும்போது ஆழியாறைத் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டாவது கியரில் வெளியே வந்து முள்ளை மேலே ஏற விட்டால் அந்தக் குரல் மாறுவதைக் கேட்கலாம். அதைக் கேட்டவர்களுக்கு டர்போ எஞ்சினின் தள்ளல் வேறு வகை இன்பமாகத்தான் தெரியும். இது கேட்டால்தான் கொடுக்கும் எஞ்சின்.

இவ்வளவும் நடப்பது ஆயிலின் அழுத்தத்தால். அதனால் ஆயில் அளவு குறைந்தாலும் விடெக் பூட்டாது. ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சொலினாய்டின் கீழே ஒரு கேஸ்கெட்டும் அதிலேயே ஒரு சின்ன வலை ஃபில்டரும் உண்டு. ஆயில் மாற்றாமல் ஓட்டிய காரில் அந்த வலையில் கருப்பு மண்டி படிந்திருக்கும். கேஸ்கெட் கல்லாக இறுகி ஆயிலைக் கசியவிடும். இதை மாற்ற ஆகும் செலவு ஒரு பெரிய சைலன்சருக்கு ஆவதில் சிறு பங்குதான். திரும்பக் கிடைப்பது ஒரு முழு எஞ்சின்.

டாப்பெட் இடைவெளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் அவசரம் அதிகம் நடக்கிறது. ஹெட் 38 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் அளக்க வேண்டும் என்பது ஹோண்டாவின் விதி. சித்திரை மாத மதியத்தில் நிழலில் நிற்கும் காரே அந்தச் சூட்டில்தான் இருக்கும். ஆகவே முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிடச் சொல்வேன். விடிந்ததும், ஸ்டார்ட் பண்ணாமலே மூடியைக் கழற்றுவோம். இந்த எஞ்சின் மற்ற கார்களைப் போல் வலஞ்சுழியாகச் சுற்றுவதில்லை, இடஞ்சுழியாகச் சுற்றும். மாருதியில் கை பழகிய பையன்களுக்கு அதை ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்த வேண்டும். முதல் சிலிண்டரை மேலே கொண்டுவந்து அளந்துவிட்டு, அரைச் சுற்று அரைச் சுற்றாக மூன்று, நான்கு, இரண்டு என்ற வரிசையில் போக வேண்டும். இன்டேக் பக்கம் 0.2 மில்லிமீட்டரை ஒட்டி, எக்ஸாஸ்ட் பக்கம் அதைவிடச் சற்றுக் கூடுதல். ஃபீலர் கேஜின் தகடு தாராளமாகப் போய் வரவும் கூடாது, இழுத்தால் வளையவும் கூடாது. லேசாகப் பிடித்துக்கொண்டே நகர வேண்டும். அந்தப் பிடி விரலுக்குத் தெரிய நாளாகும். நட்டை இறுக்கியதும் மறுபடி அளக்க வேண்டும், இறுக்கும்போது திருகு கொஞ்சம் நகர்ந்திருக்கும். இந்த இரண்டாவது அளவை எடுக்காத மெக்கானிக்கிடம் உங்கள் காரைக் கொடுக்காதீர்கள்.

வாங்குவதற்கு வருவோம். போன மாதம் ஒரு தம்பி விலை பேசிய காரைக் காட்டக் கூட்டி வந்தார்.

"எண்பதாயிரம் கிலோமீட்டர்தானுங்கண்ணா ஓடியிருக்குது."

"மீட்டர் என்னமோ சொல்லட்டுமுங்க தம்பி. டிக்கியத் திறங்க, ஸ்டெப்னிய வெளிய எடுங்க."

எஞ்சினை நான் கடைசியில்தான் பார்ப்பேன். எஞ்சினைச் சரிசெய்யலாம், துருப்பிடித்த உடம்பை முழுதாக மீட்க முடியாது. ஸ்டெப்னி கிடக்கும் குழி, பின்சக்கர வளைவின் உள்பக்கம், கதவின் அடி விளிம்பு, தரைவிரிப்புக்குக் கீழே என்று துருவைத்தான் முதலில் தேடுவேன். பட்டி வைத்துப் பெயின்ட் அடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது, சின்னக் காந்தம் ஒன்று பையில் இருந்தால் போதும். கடற்கரையோரம் நின்ற சென்னைக் காரைவிடக் கோவை, ஈரோட்டுக் காருக்குப் பெரும்பாலும் உடம்பு நன்றாக இருக்கும். சென்னைக் கார் என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் நினைவில் வையுங்கள். சீட் பெல்ட்டை முடிவு வரை இழுத்துப் பாருங்கள். தண்ணீர் நின்ற கோடு அதன் அடிப்பகுதியில் இன்னும் இருக்கும்; அதைத் துடைக்க யாருக்கும் தோன்றியிருக்காது.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வைத் தட்டும். குறைவாக ஓடிய கார் என்பது இங்கே பாதுகாப்பு இல்லை, ரப்பருக்கு வயசுதான் கணக்கு. வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது, எனவே இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். அந்தக் காலத்து ஹோண்டாக்கள் நல்ல வெயிலில் நின்றுவிட்டு ஸ்டார்ட் ஆக மறுக்கும், மாலையில் ஒன்றும் நடக்காதது போல் ஓடும். சாவியைத் திருப்பி, பின்சீட்டுப் பக்கம் காதை வையுங்கள். பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் முதலில் டேஷ்போர்டின் அடியில் இருக்கும் மெயின் ரிலேயைச் சந்தேகப்படுங்கள். அதைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஈயப் பற்றைச் சுற்றி முடி போல ஒரு வட்ட விரிசல் தெரியும். சூட்டில் விரிந்து தொடர்பை விட்டுவிடுகிறது. மறுபடி ஈயம் வைத்தால் தீர்ந்தது. இதற்காகப் பம்ப்பை மாற்றி, இஞ்செக்டரை மாற்றி, கடைசியில் காரையே விற்றவர்கள் இருக்கிறார்கள்.

வாங்கும் முன் நன்றாக இருக்கும் ஒரு காரை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் எதை இழந்திருக்கிறது என்பதே தெரியாது. ஜெர்மனியில் 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள நூர்பர்க்ரிங் பாதையைச் சுற்றி, அதற்கென்றே தயார்செய்த கார்களை வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன. நமக்கு அந்த வசதி இல்லை. இங்கே பழைய கார் வாடகை என்பது பெரும்பாலும் கல்யாணத்துக்கும் சினிமாவுக்கும்தான். ஓட்டக் கொடுக்கிறேன் என்று யாராவது தனியார் வெள்ளை பிளேட் காரை வாடகைக்குத் தந்தால் வாங்காதீர்கள். செல்ஃப் டிரைவ் வாடகைக் கார் என்றால் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை பிளேட்டில் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடலாம். அதைவிடச் சொந்தமாக வைத்திருப்பவரிடம் கேளுங்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்றுக் கூட்டிப்போகச் சந்தோஷப்படுவார்கள்.

காகிதத்திலும் கண் வேண்டும். பதிவு 15 வருஷத்துக்குத்தான், அதன்பின் எஃப்.சி. பார்த்து ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. காலாவதியாகிக் கிடக்கும் காரை விலை மலிவு என்று எடுக்காதீர்கள். டெல்லியில் 15 வயதான பெட்ரோல் கார்களுக்குத் தடை வந்தபிறகு அங்கிருந்து நல்ல கார்கள் பல தெற்கே வந்தன. அவற்றை வாங்கும்போது என்.ஓ.சி.யையும், இங்கே மறுபடி கட்ட வேண்டிய வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். வின்டேஜ் பதிவு என்ற சலுகை 50 வயது தாண்டிய வண்டிக்குத்தான், 2001-ல் பதிவான சிட்டிக்கு அது 2051-க்குப் பிறகுதான் கிடைக்கும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. சைலன்சரை மாற்றிய காரை எஃப்.சி.க்குக் கொண்டுபோய் நிறுத்தினால் அந்தத் தீர்ப்பின் பொருள் அங்கேயே விளங்கும்.

கார் கைக்கு வந்த முதல் வருஷம் பணத்தை எங்கே போடுவது? பிரேக் ஹோஸ், பிரேக் திரவம், சஸ்பென்ஷன் புஷ், எஞ்சின் மவுன்ட், நல்ல டயர். பிறகு பெட்ரோல் ஹோஸ்கள் எல்லாம். இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தக் கார் செய்யப்பட்டபோது அப்படி ஒன்று இல்லை. பழைய ரப்பர் அதில் ஊறினால் இளகும், வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், எனவே மாதக்கணக்கில் அரை டேங்கோடு காரை நிறுத்தி வைக்காதீர்கள். வாரம் ஒருமுறையாவது எடுத்து, எஞ்சின் முழுச் சூடு ஏறும் வரை ஓட்டுங்கள். ஏறியபின் தயங்காமல் சுழற்சியை மேலே கொண்டுபோங்கள், அதற்காகத்தான் அதைச் செய்தார்கள்.

உதிரிபாகங்கள் வருஷத்துக்கு வருஷம் அரிதாகி வருகின்றன. டிஸ்ட்ரிபியூட்டர் நல்ல நிலையில் எங்கே கண்டாலும் எடுத்து வையுங்கள். உங்கள் காரில் முந்தைய சொந்தக்காரர் வேறு ஏர் ஃபில்டர் போட்டிருந்தால் ஒரிஜினல் பெட்டி எங்கே என்று கேட்டு வாங்குங்கள், பலர் வீட்டுப் பரணில் அது இருக்கும். நீங்களே எதையாவது கழற்றினாலும் எடைக்குப் போடாமல் துணியில் சுற்றி, பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். காரை விற்கும் நாளில் அந்த மூட்டையையும் சேர்த்துக் கொடுங்கள். அடுத்தவர் கொண்டுவந்து நிறுத்தும்போது எனக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.