வீடு யார் பெயரில்?

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். காரைதீவைத் தாண்டியதும் கொஞ்சம் வயல்வெளி. அதன் பின் நிந்தவூர். போர்க் காலத்தில் இந்தச் சிறிய இடைவெளியைக் கடக்கத் தமிழரும் முஸ்லிம்களும் அஞ்சிய நாட்கள் இருந்தன. இப்போது ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுகிறோம்.

பெண் தலைமை தாங்கும் குடும்பங்களைச் சந்திக்கும் வேலையாகக் கடந்த மாதம் அங்கே போனேன். கிராமம் என்று சொல்லிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்தப் பிரதேச செயலகப் பிரிவில் ஏறக்குறைய 26 ஆயிரம் பேர். ஆனாலும் அங்குள்ளவர்கள் "எங்கட ஊர்" என்றுதான் சொல்கிறார்கள். மேற்கே வயல், கிழக்கே கடல், நடுவில் மதிலோடு மதில் ஒட்டிய வளவுகள்.

கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு உம்மாவின் வீட்டுக்குப் போனேன். பாயை விரித்து இருக்கச் சொன்னார். தேத்தண்ணி வந்தது. என் ஊரைக் கேட்டார், பிள்ளைகளைக் கேட்டார். பிறகு, "நீங்க இருக்கிற வீடு ஆர்ர பேரில மகள்?" என்று கேட்டார். நான் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டுவிட்டார்.

இந்தக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஒரே வழக்கம் உண்டு. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். குடி என்பதும் தாய்வழியாகவே வரும். 1969 இல் அக்கரைப்பற்றுக்கு ஆய்வுக்கு வந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் நான் இதைத் தாய்வழிச் சமூகம் என்று பாடமாக்கினேன். உம்மா ஒரே வரியில் சொன்னார்: "வீடு பொம்புளப் புள்ளக்கு. ஆம்புள வந்து இருக்கிறவர்."

இந்த வழக்கத்தை நான் புகழ்ந்து மட்டும் எழுதமாட்டேன். மகளுக்கு வீடு கட்ட வேண்டும் என்றுதான் எத்தனை தாய்மார் மத்திய கிழக்குக்குப் போனார்கள்! உம்மாவின் கணவர் 1990 இல் வயலுக்குப் போனவர், திரும்பவில்லை. மூன்று பெண் குழந்தைகள். இரண்டு தடவை குவைத்துக்குப் போய் வந்து மூத்தவளுக்கு வீடு கட்டினார். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் அந்த வீட்டைக் கொண்டுபோனது. அன்று இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். பத்தாயிரத்துக்கும் மேல்.

பிறகு கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள். மாற்று வீடுகளுக்குப் பெயர் எழுத வந்தார்கள். படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. மருமகனின் பெயரை எழுதினார்கள். "அப்ப ஒண்டும் விளங்கல்ல மகள். வீடு கிடைச்சாப் போதும் எண்டு இருந்தம்" என்றார் உம்மா. சில வருடங்களில் மருமகன் தலாக் சொல்லிவிட்டுப் போனார். போனவர் வீட்டையும் கேட்டார். மகள் இன்றும் பிள்ளைகளுடன் அந்த வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. தாய் குவைத்தில் உழைத்துக் கட்டிய வீடு கடலோடு போனது. அதற்குப் பதிலாக வந்த வீடு ஒரு கட்டத்துக்குள் எழுதிய பெயரோடு போனது.

இது அந்த ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. சுனாமிக்குப் பின் இந்தக் கரை முழுவதும் பெண்கள் அமைப்புகள் இதைப் பற்றிப் பேசின. பெண்ணின் பெயரிலோ இருவர் பெயரிலுமோ எழுதுங்கள் என்று கேட்டன. அரச காணியிலும் இதே சிக்கல் இருந்தது. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளரைப் பெயரிடாமல் ஒருவர் இறந்தால் மகளுக்கு முன் மகனுக்கே உரிமை போனது. 2022 இல் வந்த திருத்தம்தான் அந்த ஆண், பெண் வேறுபாட்டை நீக்கியது. 87 வருடங்கள் ஆயின.

உம்மா எழுந்து போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். பொலித்தீன் பையில் சுற்றிய உறுதி ஒன்றை எடுத்துக் காட்டினார். கடைசி மகளின் வீட்டு உறுதி அது. கலியாணத்துக்கு முதலே எழுதி முடித்திருந்தார். "மாப்புள வீட்டார் முகம் சுளிச்சாங்க. சுளிக்கட்டும் எண்டு உட்டுட்டன்" என்றார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் என் அம்மாவிடம் எங்கள் வீட்டு உறுதியைக் கேட்டேன். எனக்குத் தந்த சீதன வீடு அது. உறுதியில் இன்னும் அம்மாவின் பெயர்தான் இருந்தது. "அது உன்ர வீடுதானே பிள்ளை, ஆர் கேக்கப் போறாங்க?" என்றார். அம்மா சொன்னது உண்மைதான். ஆனால் நிந்தவூரிலும் எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். வருகிற கிழமை நொத்தாரிசிடம் போவதாக இருவரும் தீர்மானித்திருக்கிறோம்.

சகோதரிகளே, உங்கள் பெட்டியையும் ஒருதரம் திறந்து பாருங்கள். உறுதியில், பெர்மிட்டில் யார் பெயர் இருக்கிறது? அரச காணி என்றால் பின்னுரித்தாளர் பதியப்பட்டிருக்கிறாரா? பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்கலாம். எழுத்து வாசிக்க வராவிட்டால் வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிரதி ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஓடிய நாட்களில் எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பது நமக்குத் தெரியும்.