மணிமேகலை இல்லாத பொன்னியின் செல்வன்

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வனை, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில் ஒரே தவணையில் படித்து முடித்தேன். மணிரத்னத்தின் திரைப்படம் 2022-இலும் 2023-இலும் இரு பாகங்களாக வந்தபோது, இரண்டையும் ஈப்போவில் பார்த்தேன். படம் அழகுதான். ஐந்து பாக நாவலை ஐந்தரை மணி நேரத்தில் அடக்குவோர் எதையேனும் விட்டுத்தான் ஆக வேண்டும். சேந்தன் அமுதனின் பிறப்பு இரகசியம் கைவிடப்பட்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மணிமேகலையே இல்லாததைத்தான் மனம் ஏற்கவில்லை.

கடம்பூர் சம்புவரையரின் மகள் அவள். வந்தியத்தேவன்மீது அவள் கொண்டது ஒருதலை அன்பு. அவனைக் காக்க, ஆதித்த கரிகாலனைத் தானே கொன்றதாகக் கூறிப் பழியேற்கத் துணிகிறாள். பின்னர்ச் சித்தம் கலங்கி, அவன் மடியிலேயே உயிர் துறக்கிறாள். நாவலின் கடைசி அத்தியாயம் அருள்மொழிவர்மனுக்கோ குந்தவைக்கோ உரியதன்று, அவளுக்கே உரியது. திரையிலோ மகுடத்தோடு கதை முடிந்துவிடுகிறது.

அண்மையில் ஜெலாப்பாங்கில் என் பழைய மாணவி ஒருத்தியைக் கண்டேன். இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறாள். “பொன்னியின் செல்வன் கதை முழுக்கத் தெரியும், டீச்சர்” என்றாள்.

“மணிமேகலை யார்?”

“மாதவியின் மகள்.”

பள்ளியில் நாங்கள் சொல்லிக் கொடுத்ததுதானே! முதல் பாகத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஆழ்வார்க்கடியானைப் பிடித்திருக்கிறதாம், ஐந்தாம் பாகத்துக்கு இன்னும் நாளாகும்.