கூப்பனிலிருந்து காசுக்கு

ஏழையின் கையிற் காசைக் கொடுத்தால் அதனை அவன் தவறணையிலே தொலைத்துவிடுவான் என்று கூறுவோர் இன்றும் நம்மிடையே உளர். படித்தவர்களே இதனை அதிகமாகக் கூறுகின்றனர். நமது நாட்டின் உதவித் திட்டங்கள் பலவற்றில் இந்த அவநம்பிக்கை மறைந்து கிடந்தது.

யுத்த காலத்தில், 1942இல், வந்த கூப்பன் அரிசி பசியைத் தடுத்தது. அதனைக் குறைகூற நாம் துணியோம். 1953இல் கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆந் திகதி நடந்த ஹர்த்தால் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறப்பதற்கே வழிகோலியது. 1979இல் கூப்பனின் இடத்தில் உணவு முத்திரை வந்தது. வாங்கும் பொருளைத் தெரிவுசெய்யச் சிறிது இடமுண்டாயிற்று. ஆனால் முத்திரையின் பெறுமதி ரூபாவில் நிலைத்து நிற்க, விலைவாசியோ ஏறியது. சில ஆண்டுகளுக்குள் அதன் வாங்குஞ் சக்தி ஏறக்குறைய பாதியாயிற்று.

1995இல் தொடங்கிய சமுர்த்தியில் முத்திரைக்குச் சங்கக்கடையிலே பொருள் பெறவேண்டியிருந்தது. ஒரு பகுதி கட்டாயச் சேமிப்பாகப் பிடிக்கப்பட்டது. நாம் சிறுவராயிருந்தபோது அயல்வீட்டுத் தாயொருத்தி, முத்திரைக்குக் கிடைத்த பருப்பையும் சீனியையும் சந்திக் கடையிலே குறைந்த விலைக்கு விற்று, பிள்ளைகளுக்கு அப்பியாசக் கொப்பிகள் வாங்குவதைக் கண்டிருக்கிறோம். அவளுக்கு வேண்டியது எது என்பதை அவள் அறிந்திருந்தாள். அறியாத சட்டத்துக்காக அவள் செலுத்திய அபராதமே அந்த விலைக்குறைவு.

2023 யூலையிலிருந்து அஸ்வெசும உதவி குடும்பங்களின் வங்கிக் கணக்குக்கே செல்கிறது. தொடக்கத்தில் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாவும், வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபாவும் வகுக்கப்பட்டன. 2025இல் இவை 17,500 ஆகவும் 10,000 ஆகவும் உயர்ந்தன. இம்மாற்றத்தை நாம் மனமார வரவேற்கிறோம். எனினும் 1979இன் அனுபவத்தை மறந்துவிடலாகாது. ஆட்சியாளரின் தயவை எதிர்பாராது, விலைவாசிச் சுட்டெண்ணுடன் ஆண்டுதோறும் தொகை உயரச் சட்டம் வேண்டும். சுதந்திரமாகச் செலவிடலாம் என்று கூறிவிட்டு, செலவிடக் காசில்லாமற் செய்வது என்ன நீதி?

மற்றொன்று, காலம். கூலியாளின் வருவாய் மாதந்தோறும் ஒரே அளவினதன்று. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் எமது வகுப்பிலே மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளின் இருக்கைகள் வெறுமையாகின்றன. இரண்டு மாத உதவியை முன்கூட்டியே பெற்று, பின்னர் கழித்துக்கொள்ளும் உரிமையை அக்குடும்பங்களுக்கு வழங்கலாம். இதற்குப் புதிய திணைக்களம் வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது.