ஒரு கிளாஸ் டீயில் எவ்வளவு தெம்பு?

விருதுநகரிலிருந்து தென்காசி போகும் ரயில் பாதையில், சிவகாசிக்கு முந்தைய நிலையம் திருத்தங்கல். குன்றின் மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில். 108 திவ்யதேசங்களில் ஒன்று. குன்றைச் சுற்றித் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள். ஊரைத் தாண்டினால் கம்பு, சோளம், மக்காச்சோளம், பருத்தி விளையும் மானாவாரி நிலம்.

இந்தப் பக்கம் தேயிலை வராது. தேயிலைக்குப் புளிப்புத் தன்மையுள்ள மண்ணும், தொடர்ந்த ஈரமும் வேண்டும். கரிசல் மண்ணோ காரத்தன்மை உடையது, வெயிலும் அதிகம். ஆனாலும் மலையில் பறித்த இலை தூளாகி வந்து, இங்கே விடியற்காலையிலேயே பாய்லரில் ஆவி பறக்கிறது. தோட்டத்துக்குப் போகிறவருக்கும், ஆலை வேனுக்குக் காத்திருக்கும் பெண்களுக்கும் பல நாள் முதல் சாப்பாடே அந்த டீதான்.

வேரில் பிறக்கும் அமிலம்

குடித்ததும் மனசு தெளிகிறது என்பது வெறும் பழக்கம் மட்டுமல்ல. கஃபீன் தூக்கத்தை விரட்டுகிறது. கூடவே தியானைன் என்ற அமினோ அமிலமும் இருக்கிறது. ஜப்பானின் கியோட்டோவில், நிழலில் வளர்த்த கியோகுரோ என்னும் உயர்வகைத் தேயிலையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள்.

அமினோ அமிலம் என்றதும் மீன் அமிலம் தெளிக்கும் விவசாயிகளுக்கு விஷயம் புரியும்: அடிப்படை தழைச்சத்துதான். மண்ணிலிருந்து எடுத்த தழைச்சத்தைத் தேயிலைச் செடி வேரில் தியானைனாக மாற்றி, கொழுந்துக்கு அனுப்புகிறது. கொழுந்தில் வெயில் பட்டால் அது சிதைந்து, துவர்ப்புப் பொருள்கள் உருவாக உதவுகிறது. அதனால்தான் கியோகுரோ தோட்டத்தில் பறிப்புக்குச் சுமார் 20 நாள் முன்பே பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். நிழல் கூடினால் தியானைன் கூடும், துவர்ப்பு குறையும்.

குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலக்கும் தியானைன், மூளைக்குள்ளும் போகக்கூடியது. விழிப்போடு அமைதியாக இருக்கும்போது மூளையில் தோன்றும் ஆல்ஃபா அலைகள் இதனால் கூடுவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. கஃபீனோடு சேரும்போது கவனம் சிதறாமல் இருக்கவும் உதவுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

அந்த ஆய்வுகள் பலவற்றில் கொடுத்த அளவு 200 மில்லிகிராம். உலர்ந்த தேயிலையில் தியானைன் 1 முதல் 2 சதவீதம்தான். 2 கிராம் தூள் போட்டால், முழுவதும் இறங்கினாலும் 20 முதல் 40 மில்லிகிராம். கடை கிளாஸில் அதைவிடக் குறையலாம். ஆக, ஒரு டீயில் கிடைப்பது சிறு தெளிவு. தூக்கத்துக்கோ, காலைச் சாப்பாட்டுக்கோ அது ஈடாகாது. மருந்தையும் திரியையும் கையாளும் வேலையில், அரைத் தூக்கத்தையும் வெறும் வயிற்றையும் டீயை நம்பிச் சமாளிப்பது ஆபத்து.

இன்னொரு விஷயம் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. சாப்பாட்டோடு டீ குடித்தால், அதன் துவர்ப்புப் பொருள்கள் கீரை, தானியம், பருப்பில் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்கின்றன; உடம்பில் சேரும் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். இதில் தியானைனுக்குப் பங்கில்லை.

டீயை விட வேண்டியதில்லை. நேரத்தை மாற்றினால் போதும்:

* சாப்பாட்டுக்கும் டீக்கும் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள்.
* சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள்.
* தூளை நெடுநேரம் கொதிக்கவிடாதீர்கள். தியானைன் சுடுநீரில் சில நிமிடத்திலேயே இறங்கிவிடும். அதற்குமேல் ஏறுவது பெரும்பாலும் துவர்ப்பும் கசப்பும்தான்.
* காலையில் முதலில் கம்பங்கூழோ பழைய சோறோ சாப்பிடுங்கள். முருங்கைக்கீரை சமைத்தால், சாப்பாட்டோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும்.

கம்பு திருத்தங்கல் மண்ணிலேயே விளைகிறது. முருங்கை வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. இவை முதலில் வயிற்றுக்குப் போகட்டும். மலையிலிருந்து வந்த டீ ஒரு மணி நேரம் காத்திருக்கலாம்.